மூன்று கட்டில், இரண்டு பிளக் பாயிண்ட், பத்து மாதம்

சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியின் பெண்கள் விடுதியில் முதல் வருடத்தை முடித்துவிட்டு இப்போது கோவில்பட்டியில் வீட்டில் இருக்கிறேன். இந்த வருடம் கவுன்சிலிங்கில் இடம் கிடைத்த பக்கத்துத் தெருப் பெண்கள் இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். உட்கார்ந்ததுமே, "அக்கா, மெஸ் சாப்பாடு எப்படி?" போன வருடம் நானும் முதலில் இதைத்தான் கேட்டேன்.

சாப்பிடலாம். சட்னி தண்ணியாக இருக்கும், முள்ளங்கி சாம்பார் வாரத்தில் மூன்று முறை வரும், பொங்கல் போட்ட அன்று முதல் பீரியடில் கண் சொக்கும். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும், பழகாவிட்டால் பருப்புப் பொடி இருக்கிறது. பழகாதது மெஸ் பில்தான். எங்கள் விடுதியில் டிவைடிங் சிஸ்டம். மளிகை, காய்கறி, பால், கேஸ், சமையல்காரர் சம்பளம் எல்லாவற்றையும் மாதக் கடைசியில் கூட்டி, யார் எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்ற கணக்கில் பிரித்துவிடுவார்கள். லீவு வருகிற மாதத்தில் பாதிப்பேர் ஊருக்குப் போய்விட, சம்பளம் மட்டும் அப்படியே நிற்கும். அதனால் ஒரு நாள் சாப்பாட்டின் விலை ஏறிவிடும்.

ஊருக்குப் போகும் முன் ரிடக்‌ஷன் ஃபார்ம் எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களைக் கழிப்பார்கள். தைப்பொங்கலுக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் மறந்துவிட்டேன். அம்மா கையால் சாப்பிட்ட ஒன்பது நாளுக்கும் மெஸ்ஸுக்குப் பணம் கட்டினேன். புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் வரும் 1,000 ரூபாய் அந்த மாதம் அதிலேயே போய்விட்டது. (அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்காக 2022-இல் தொடங்கிய திட்டம் அது. என்னைப் போல அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்குப் பிறகுதான் வந்தது.)

சரி, அந்த இரண்டு பேரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். தூக்கம்.

அறையில் மூன்று பேர், ஒரே டியூப்லைட். கிருஷ்ணகிரிக்காரி இரவு இரண்டு மணிவரை படிப்பாள். மதுரைக்காரி போர்வைக்குள் ஃபோன் பேசுவாள், சிரிப்பு மட்டும் வெளியே கேட்கும். ஆறு மணிக்கெல்லாம் பாத்ரூமில் வரிசை நிற்கும் என்று நான் ஐந்துக்கே எழுந்து வாளியை உருட்டுவேன். முதல் இரண்டு மாதம் மூவருமே அரைத்தூக்கம். முதல் இன்டர்னல் தேர்வில் கணக்கில் கவிழ்ந்தபோது, இங்கிலீஷ் மீடியம் ஒத்துவரவில்லை என்று வீட்டில் சொன்னேன். வகுப்பில் பாதி நேரம் தூங்கியதைச் சொல்லவில்லை.

நவம்பரில் மழை பெய்த ஓர் இரவு கரண்ட் போனது. ஒன்பதரைக்கே மூவரும் படுத்துவிட்டோம். காலையில் எழுந்ததும் மதுரைக்காரி, "ஏய், நான் செத்துட்டேன்னு நினைச்சேன்டி, அவ்ளோ தூக்கம்" என்றாள். அன்றுதான் வாயைத் திறந்து பேசினோம். பதினொன்றுக்கு லைட் ஆஃப். அதற்குமேல் படிப்பவள் ஸ்டடி ஹாலுக்கு, ஃபோன் பேசுபவள் மொட்டைமாடிப் படிக்கு. நான் குளியலை இரவு ஒன்பதுக்கு மாற்றிக்கொண்டேன், அப்போது வரிசையே கிடையாது. சேர்ந்த முதல் வாரமே இதைக் கேட்டிருக்கலாம். மூவருக்கும் கூச்சம்.

வாங்கிப் போனவற்றில் கெட்டில் மூன்றாவது வாரமே வார்டன் அறைக்குப் போய், வருடக் கடைசியில்தான் திரும்பியது. இரண்டு பிளக் பாயிண்டுக்கு மூன்று ஃபோன், மூன்று லேப்டாப் என்பதால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தினமும் உழைத்தது. வாளியில் நெயில் பாலிஷால் பெயர் எழுதியும் இரண்டு முறை காணாமல் போனது. போட்ட காசுக்கு மேல் உழைத்தது கொசுவலை. மழைக்காலம் முடியும்போது எங்கள் மாடியில் நான்கு பேருக்கு டெங்கு. ஆனால் வலை கொசுவைத் தடுக்க மட்டுமல்ல, இன்னொன்றுக்கும் உதவியது. நான்கு முனையையும் கட்டி ஓரத்தை மெத்தைக்கடியில் செருகிவிட்டால், உள்ளே இருப்பவளிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. இப்படி ஒரு வழக்கம் தானாக வந்தது. அழ வேண்டும் என்றாலும் அதற்குள்தான்.

அம்மாவின் பயம் ராகிங்தான். தமிழ்நாட்டில் 1997-லேயே அதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது, சேரும்போது நானும் அப்பாவும் உறுதிமொழி வேறு கொடுத்தோம். என் அனுபவத்தில் சீனியர் அக்காக்கள் பெயரும் ஊரும் கேட்டார்கள், அவ்வளவுதான். கோவில்பட்டி என்றதும் "கடலை மிட்டாய் எங்கடி?" 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய், விட்டுவிடுவார்களா? ஒவ்வொரு முறையும் இரண்டு கிலோ கொண்டுபோனேன். என் அறைக்கு வந்து சேர்ந்தது கால் கிலோ.

கிளம்பும்போது அந்தப் பெண்கள், "நாங்க ரெண்டு பேரும் ஒரே ரூம் கேட்கலாமாக்கா?" என்றார்கள். வேண்டாம் என்றேன். சின்ன வயதிலிருந்து பழகியவளிடம் "லைட்டை அணை" என்று சொல்வது, தெரியாதவளிடம் சொல்வதைவிடக் கஷ்டம். இருவர் முகமும் கொஞ்சம் வாடியது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் வாளியையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கொசுவலையைத் தரவில்லை, ஆகஸ்டில் எனக்கு வேண்டும்.