மலையில் வீடு, கீழே விமானம்: செஸ்னா 152, செரோக்கி 140, செஸ்னா 172

நீலகிரியில் விமான நிலையம் கிடையாது. ஊட்டி தீட்டுக்கல்லில் ஹெலிபேட் இருக்கிறது, அவ்வளவுதான். குன்னூரிலோ கோத்தகிரியிலோ குடியிருந்துகொண்டு சின்னதாக ஒரு பழைய விமானம் வாங்க ஆசைப்படுபவர் அதைக் கோவை, சேலம் மாதிரி கீழே ஓர் இடத்தில்தான் நிறுத்தியாக வேண்டும். குன்னூரிலிருந்து கோவை நிலையத்துக்கு 70 கிலோமீட்டர், நடுவில் 14 கொண்டை ஊசி வளைவுகள். எந்த மாடல் நல்லது என்று யார் கேட்டாலும் நான் முதலில் இந்தத் தூரத்தைத்தான் ஞாபகப்படுத்துவேன். ஏன் என்பது எஞ்சின் பேச்சு வரும்போது புரியும்.

நானும் என்னோடு பறக்கக் கற்ற இரண்டு நண்பர்களும் 40 மணி நேரப் பயிற்சி முடித்து, பிபிஎல் என்ற தனியார் விமானி உரிமம் வாங்கிய பிறகு ஒன்றரை வருஷம் தேடினோம். பார்த்தது பல. கடைசி வரை போட்டியில் நின்றவை மூன்று: செஸ்னா 152, பைப்பர் செரோக்கி 140, செஸ்னா 172. பொதுவாக முதல் இரண்டும் விலை குறைவு, 172 கூடுதல். மூன்றுமே எளிய விமானங்கள். சக்கரம் மடங்காது, புரொப்பெல்லரின் கோணம் மாறாது, புதிதாக உரிமம் வாங்கியவர் கைக்கு அடங்கும்.

152 இரண்டு பேர் உட்காரும் விமானம். 1977 முதல் 1985 வரை தயாரித்தார்கள். 110 குதிரைத்திறன் லைகாமிங் ஓ-235 எஞ்சின், மணிக்கு 22, 23 லிட்டர் எரிபொருள் போதும். பயிற்சிப் பள்ளிகளில் இதில் கற்றவர்கள் ஏராளம் என்பதால் இதைத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். ஆனால் எடையைப் பார்க்க வேண்டும். மொத்தம் 757 கிலோதான் அனுமதி. வெறும் விமானமே 500 கிலோவைத் தாண்டும். டேங்க் நிறைய, அதாவது 98 லிட்டர், நிரப்பினால் அது ஒரு 70 கிலோ. மீதி சுமார் 175 கிலோ. 80 கிலோ ஆள் இரண்டு பேர் ஏறினால் ஒரு கைப்பைக்குத்தான் இடம் மிஞ்சும்.

மலைக்காரர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இது நம் மலையைத் தாண்டுமா? தொட்டபெட்டா 2,637 மீட்டர், சுமார் 8,650 அடி. பாதுகாப்பாகத் தாண்ட 10,000 அடியாவது ஏற வேண்டும். புத்தகத்தில் 152ன் உச்ச உயரம் 14,700 அடி என்றும், 172 ‘என்’ (N) மாடலுக்கு 14,200 அடி என்றும் போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு 152தான் மேல் என்று நினைத்துவிடக் கூடாது. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். ஏப்ரல் மதியம் கோவையில் 36 டிகிரி அடிக்கும்போது, 1,300 அடி உயரத்தில் இருக்கும் அந்த ஓடுபாதையே, சூட்டில் காற்று லேசாகிவிடுவதால், எஞ்சினுக்கும் இறக்கைக்கும் 4,000 அடி மாதிரிதான். அந்த வெயிலில் இரண்டு பேர் ஏறினாலே 152 முழு எடைக்கு வந்துவிடும். அதே இரண்டு பேர் 172ல் பாதி டேங்கோடு போனால், அது தன் அனுமதியில் 180 கிலோவுக்கு மேல் மிச்சம் வைத்துக்கொண்டு ஏறும். மலைப்பக்கம் அந்த மிச்சம்தான் உயிர்.

மேகம் இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2021 டிசம்பர் 8 அன்று காட்டேரிக்குப் பக்கத்தில் நடந்த ஹெலிகாப்டர் விபத்து எங்கள் ஊரில் யாருக்கும் மறக்காது. எவ்வளவோ அனுபவமுள்ள ராணுவ விமானிகள், இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டர். எதிர்பாராமல் வானிலை மாறி, மேகத்துக்குள் நுழைந்ததில் விமானிக்குத் திசை உணர்வு தவறியது என்றுதான் விசாரணை முடிந்தது. மலை மேல் மூட்டம் தெரிந்தால் 152 ஆனாலும் 172 ஆனாலும் அன்றைக்குப் போகக் கூடாது.

சரி, செரோக்கிக்கு வருவோம். 140 மாடல் 1964 முதல் 1977 வரை வந்தது. பெரும்பாலானவற்றில் 150 குதிரைத்திறன் ஓ-320 எஞ்சின். இறக்கை கீழே இருக்கும். நான்கு பேர் சீட் என்று பட்டியலில் இருந்தாலும் பின்சீட் குழந்தைகளுக்குத்தான் சரிப்படும். இதன் பெரிய பலம் தரையில் தெரியும். சக்கரங்கள் அகலமாக விரிந்து நிற்கும், இறக்கை தாழ்வாக இருக்கும், பக்கக் காற்றில் செஸ்னா அளவுக்கு ஆட்டம் காட்டாது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றைக் கோவையில் அனுபவித்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. பவரைக் குறைத்தால் சடசடவென்று இறங்கும். பழகிவிட்டால் அதுவும் ஒரு வசதிதான்.

எனக்கு இரண்டு குறைகள் ஒத்துவரவில்லை. முதலாவது கதவு. ஒரே கதவு, அதுவும் வலது பக்கம், இறக்கை மேல் ஏறித்தான் உள்ளே போக முடியும். அம்மாவை ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டினேன். புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் தோளைப் பிடித்து, வழுக்காமல் இருக்க ஒட்டியிருந்த கறுப்புப் பட்டையின் மேல் ஒவ்வொரு அடியாக வைத்து ஏறினார். உள்ளே குனிந்து சீட்டில் சரிந்து உட்காரவே ஐந்து நிமிஷம் ஆனது. இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது என்றார். அவரை ஏற்றிக்கொண்டு பறக்கத்தான் விமானமே தேடினேன். செஸ்னாவில் பழைய ஜீப்பில் ஏறுகிற மாதிரி கால் எடுத்து வைத்தால் போதும். மழை தூறினால் மேலே இறக்கையே குடை. அப்புறம், கல்லாறும் பர்லியாறும் தேயிலைச் சரிவும் கீழே ஓடும்போது செரோக்கியில் பார்வையை இறக்கை மறைக்கும், செஸ்னாவில் எல்லாம் தெரியும்.

இரண்டாவது குறை எரிபொருள். செஸ்னாவில் டேங்க் தலைக்கு மேல் இருப்பதால் பெட்ரோல் தானாக இறங்கும். 172ல் இரண்டு டேங்கும் சேர்ந்து ஊட்டும்படி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். செரோக்கியில் அந்த வசதி கிடையாது. இடது அல்லது வலது, அவ்வளவுதான். அரை மணிக்கொரு தடவை மாற்ற வேண்டும். மறந்தால் ஒரு டேங்க் நிறைய இருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடும். ஒழுங்காகப் பழகினால் பிரச்சினை வராது. ஆனால் முதல் விமானத்தில் என் கவனம் காற்றிலும் ரேடியோவிலும் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னொன்று: 2018ல் அமெரிக்காவின் டேட்டோனா பீச்சில், செரோக்கியும் சேர்ந்த பிஏ-28 குடும்பத்துப் பயிற்சி விமானம் ஒன்றின் இறக்கை ஆகாயத்திலேயே கழன்றது. அதன் பிறகு அந்தக் குடும்பத்தின் பல மாடல்களுக்கு இறக்கைத் தண்டின் போல்ட் துளைகளைச் சோதிக்கச் சொல்லி அமெரிக்க ஆணை வந்தது. பைப்பர் எதை வாங்கினாலும் அதன் எண்ணுக்கு அந்த ஆணை பொருந்துமா, சோதனை முடிந்ததா என்று லாக் புக்கில், அதாவது பராமரிப்புப் பதிவேட்டில், கையெழுத்தோடு பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

172ல் வருஷம் பார்த்து வாங்க வேண்டும். 1956ல் விற்பனைக்கு வந்தது, 1986ல் நிறுத்தி, பத்து வருஷம் கழித்துத் திரும்பத் தொடங்கினார்கள். நம் பட்ஜெட்டுக்குள் வருவது பழைய காலத்தது. 1967 வரை ஆறு சிலிண்டர் கான்டினென்டல் ஓ-300. ஓட்டம் இதமாக இருக்கும், ஆனால் ஈரக்காற்றில் கார்புரேட்டரில் பனி கட்டும் சுபாவம் இதற்கு அதிகம். பருவமழைக் காலத்தில் மலையோரம் 15 டிகிரி, எங்கும் ஈரம் என்றிருக்கும்போது இது நிஜமான கவலை. லைகாமிங்கில் கார்புரேட்டர் சூடான ஆயில் தொட்டியோடு ஒட்டியிருப்பதால் தொல்லை கொஞ்சம் குறைவு. 1968 முதல் 76 வரை 150 குதிரைத்திறன் ஓ-320, நம்பலாம். 1977 முதல் 80 வரை வந்த 172 என் மாடலில் எச்2ஏடி என்ற வகை எஞ்சின். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டும் டாப்பெட்டும் தேயும் என்று கெட்ட பெயர் வாங்கியது. 1981 முதல் 86 வரை வந்த 172 பி மாடல் என் கணக்கில் முதலிடம்.

நாங்கள் பார்த்ததிலேயே அழகான விமானம் ஒரு 172 என். புது வெள்ளைப் பெயின்ட், சிவப்புக் கோடு, உள்ளே புதுத் தோல் சீட். விற்றவர் ஹேங்கர் கதவைத் திறந்ததும் மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை. கூட வந்த மெக்கானிக் மட்டும் லாக் புக்கைக் கேட்டு வாங்கினார். கடைசி மூன்று வருஷத்தில் 19 மணி நேரம் பறந்திருந்தது. ஆயில் ஃபில்டரைக் கழற்றி, டப்பாவை வெட்டி, உள்ளே மடித்திருந்த காகிதத்தை விசிறி மாதிரி வெயிலில் விரித்தார். மடிப்புகளில் பொடிப்பொடியாகப் பளபளத்தது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் அந்தப் பொடி எழுந்து ஒட்டிக்கொண்டது. “இரும்பு சார். கேம் போயிட்டு இருக்கு. இந்த எஞ்சின் ஓடித் தேயலை, நின்னு தேய்ஞ்சிருக்கு” என்றார்.

காரணம் இதுதான். லைகாமிங்கில் கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. எஞ்சின் நின்றதும் ஆயில் கீழே வடிந்துவிடும், கேம் வெறும் இரும்பாக ஈரக்காற்றில் நிற்கும். வாரக்கணக்கில் நின்றால் துரு, அடுத்த தடவை ஓடும்போது அந்தத் துரு அரைத்துத் தேய்மானம். மாதம் ஒரு தடவையாவது ஆயில் நன்றாகச் சூடேறும்படி ஒரு மணி நேரம் பறக்க வேண்டும். தரையில் பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்துவது இன்னும் கெடுதல், உள்ளே ஈரம்தான் சேரும்.

இப்போது அந்த 70 கிலோமீட்டரை நினைத்துப் பாருங்கள். அக்டோபர், நவம்பரில் பர்லியாறு பக்கம் மண் சரிந்து சாலை அடைபடுவது நமக்குப் புதிதில்லை. கோடை சீசனில் வண்டி நகராது. தனியாக 152 வாங்கி வைத்துக்கொள்ளும் மலைக்காரர் நல்ல மனதோடு தொடங்கினாலும், வருஷத்தில் 25 மணி நேரம் பறந்தால் பெரிது. நிறுத்தும் கட்டணம், இன்சூரன்ஸ், விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ கேட்கும் வருடாந்திர ஏஆர்சி (பறக்கும் தகுதிச் சான்று) வேலை எல்லாம் பறந்தாலும் வரும், பறக்காவிட்டாலும் வரும். 25ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு நெஞ்சைப் பிடிக்கும் தொகை. மூன்று பேர் சேர்ந்த 172 மணிக்கு 32 லிட்டர் குடித்தாலும், நின்றாலும் வரும் அந்தச் செலவு மூன்றாகப் பிரிகிறது. அதைவிட முக்கியம், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே ‘152ஆ 172ஆ’ என்பதைவிட ‘முழு 152ஆ, மூன்றில் ஒரு பங்கு 172ஆ’ என்று கேட்டதுதான் எங்களுக்கு உதவியது. பங்குதாரரில் ஒருவராவது கீழே குடியிருப்பவராக இருக்கட்டும். பதிவு யார் பெயரில், யாருக்கு எந்த வாரம், ஒருவர் விலகினால் பங்கின் விலை எப்படி, அடித்துவிட்டால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் முன்பணம் கொடுக்கும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நட்பு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு தெளிவாக எழுத வேண்டும்.

எரிபொருள் பற்றிச் சுருக்கமாக. மூன்றுக்கும் ஏவ்காஸ் 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல் வேண்டும். 2022 முதல் இந்தியன் ஆயில் இங்கேயே தயாரிக்கிறது, ஆனால் எல்லா நிலையத்திலும் அதை நிரப்பும் பவுசர் லாரி நிற்காது. நிறுத்தப்போகும் இடத்தில் விசாரித்துவிட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் சில பழைய எஞ்சின்களுக்குக் கார் பெட்ரோல் அனுமதி உண்டு, எத்தனால் கலக்காததாக இருந்தால் மட்டும். நம் பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால், அந்தப் பேச்சே வேண்டாம். வெளிநாட்டிலிருந்து இறக்க நினைப்பவர்கள் 2025 செப்டம்பர் 22 முதல் சொந்த உபயோக விமானத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் என்பதைக் கணக்கில் வையுங்கள். ஏற்கெனவே விடி என்று தொடங்கும் இந்தியப் பதிவில் இங்கே பறந்துகொண்டிருப்பதைத் தேடுவதே நல்லது.

எங்களுடையது 1982ன் 172 பி. பெயின்ட் மங்கல், சீட் உறையில் தையல் போட்டிருக்கும். ஆனால் வருஷம் 200 மணி நேரத்துக்குக் குறையாமல் பறந்து வந்தது. முன்சக்கரம் பலமாகத் தரையில் மோதியிருந்தால் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் ஃபயர்வால் தகடு சுருங்கியிருக்கும் என்பதால் மெக்கானிக் டார்ச் அடித்துக் கையால் தடவிப் பார்த்தார், வழவழவென்று இருந்தது. சீட் தண்டவாளத் துளைகளும் தேயவில்லை. ஓடும்போது சீட் பின்னால் வழுக்கி விமானி கைவிட்ட விபத்துகள் நடந்த பிறகு செஸ்னாவில் இது கட்டாயச் சோதனை. போன நவம்பரில் சாலை அடைபட்டு நானும் கோத்தகிரி நண்பரும் மூன்று வாரம் மலையிலேயே இருந்தோம். கோவையில் இருக்கும் பங்குதாரர் அந்த மூன்று சனிக்கிழமையும் பறந்திருக்கிறார். டிசம்பரில் 50 மணி நேர ஆயில் மாற்றும்போது ஃபில்டரை வெட்டி விரித்துப் பார்த்தோம். காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை.