ரங்கூன்ல நாங்க போற கிட்னி கிளினிக், டாக்டருக்கு 5 ஸ்டார் கவுண்டருக்கு 1

அண்ணனுக்கு கால் முகமெல்லாம் வீங்கி மூத்திரம் நுரை நுரையா போச்சு, டெஸ்ட்ல நெஃப்ரோடிக் சிண்ட்ரோம்னு வந்துச்சு, அதாவது கிட்னி ஃபில்டர் ஒழுகி புரோட்டீன் மூத்திரத்துல போற நோய். பேரு போட விரும்பல, டவுன்டவுன்ல ஒரு பிரைவேட் கிளினிக்.

டாக்டரம்மா தங்கம். ஒரு நாளைக்கு 3.5 கிராமுக்கு மேல புரோட்டீன் மூத்திரத்துல போகுதாம், அதுல ஆல்புமின்ங்கிற ரத்தப் புரோட்டீன் மட்டுமில்ல, கிருமிய எதிர்க்கிற ஐஜிஜி ஆன்டிபாடியும் சேர்ந்து போயிடுமாம், அதுக்கு மேல இந்த நோய்க்கு குடுக்கற ஸ்டீராய்டு மருந்து வேற எதிர்ப்பு சக்திய அமுக்கும், அதான் அடிக்கடி சளி காய்ச்சல்னு பொறுமையா சொன்னாங்க. சிலருக்கு உடம்போட சொந்த ஆன்டிபாடியே கிட்னி ஃபில்டர தாக்கும், அதப் பாக்க பிஎல்ஏ2ஆர்னு ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, அந்த ஆன்டிபாடிய 2009ல கண்டுபிடிச்சாங்க. நிமோனியா தடுப்பூசி போடச் சொன்னாங்க, ஸ்டீராய்டு அதிகமா எடுக்கறப்போ உயிருள்ள கிருமி இருக்கற தடுப்பூசி கூடாதாம். உப்ப குறைக்கணும், நாப்பிக்கும் (உப்பு போட்டு புளிக்க வெச்ச பர்மா மீன் விழுது) தடை, அண்ணன் மூஞ்சிய பாக்கணுமே!

ஆனா கவுண்டர்? 9 மணி டோக்கனுக்கு 12 மணிக்கு கூப்பிடறாங்க, இருமுற கூட்டத்து நடுவுல எதிர்ப்பு சக்தி இல்லாதவர உக்கார வெச்சா எப்படிங்க? மாஸ்க் போட்டுட்டு வெளிய மாடிப்படில நின்னுக்கிட்டிருந்தோம். போறவங்க காலைல முதல் டோக்கன் வாங்குங்க.