பிரேசர் மலையா, கேமரன் மலையா? கெர்லிங்கிலிருந்து ஒரு கணக்கு

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சிலாங்கூரில் எங்கள் கெர்லிங்கில் வேன் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எந்த மலை என்று கேட்பதுகூட இல்லை, கேமரன் மலைதான். கோல குபு பாருவைத் தாண்டி ஏறினால் பிரேசர் மலை இருக்கிறது. அது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அம்மாவையும் பிள்ளைகளையும் இரண்டுக்கும் கூட்டிப்போய் வந்திருக்கிறேன். கையில் ஒரே ஒரு நாள்தான் என்றால் பிரேசர் மலைக்குப் போங்கள்.

கேமரனுக்குத் தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைவு. வளைவுகூடப் பரவாயில்லை. விடுமுறை நாளில் பிரிஞ்சாங்கைத் தாண்டினால் வண்டி நகராது. போன தடவை காய்கறிச் சந்தையை எட்டும்போது மணி நாலு. பிள்ளைகள் ஸ்ட்ராபெர்ரி செடியைப் பார்த்ததே வேன் கண்ணாடி வழியாகத்தான்.

பிரேசர் மலை கோல குபு பாருவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். பாதையே பாதிச் சுற்றுலா. ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அம்பாங் பெச்சாவின் பெயருக்கு உடைந்த அணை என்று அர்த்தம். 1883-இல் அணை உடைந்து பழைய கோல குபுவை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. செத்தவர்களில் ரேங்கிங் என்ற வெள்ளைக்கார அதிகாரியும் ஒருவர். ஆற்றிலிருந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால் வந்த வினை என்று இன்றும் கதை சொல்வார்கள்.

அதே சாலையில்தான் 1951 அக்டோபர் 6-ஆம் தேதி, பிரேசர் மலைக்குப் போய்க்கொண்டிருந்த மலாயாவின் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னியைக் கம்யூனிஸ்டுகள் மறைந்திருந்து சுட்டுக் கொன்றார்கள். இதைச் சொன்னதும் அம்மா பேச ஆரம்பித்துவிட்டார். அந்தக் காலத்தில் ரப்பர்த் தோட்ட லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்களாம். பால் வெட்டப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது, காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடும் என்று கேட்டிலேயே தடவிப் பார்ப்பார்களாம். தாத்தா வெறும் வயிற்றோடு மரம் வெட்டிவிட்டு வந்த கதையை அம்மா சொல்லி நான் கேட்டது அன்றுதான். சொல்லும்போது அம்மாவின் மடியில் புளிச்சோற்றுப் பொட்டலம் இருந்தது.

கேப் என்ற இடத்திலிருந்து மேலே எட்டுக் கிலோமீட்டர் ஒடுக்கமான பாதை. ஹார்ன் அடித்து மெதுவாகத்தான் ஏற வேண்டும். உச்சியில் ஒரு மணிக்கூண்டு, அதைச் சுற்றிக் கொடி படர்ந்த கருங்கல் கட்டடங்கள், அவ்வளவுதான் ஊர். சுவரில் கை வைத்தால் பாசி ஈரமாக ஒட்டுகிறது. லூயிஸ் ஜேம்ஸ் ஃபிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கே ஈயம் எடுத்தார், பிறகு எங்கே போனார் என்றே தெரியவில்லை. 1917-இல் அவரைத் தேடி வந்த சிங்கப்பூர் பிஷப்தான் இந்த இடத்தை மலைவாசஸ்தலம் ஆக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். பழைய ஈயச் சுரங்கம் இருந்த இடத்தில் இப்போது கோல்ஃப் திடல். பறவை பார்க்கிறவர்களுக்கு இது சொர்க்கம். நாங்கள் பேர் தெரியாமலே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கேமரனுக்குச் சாதகமாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தேயிலைக் காடு பிரேசரில் கிடையாது. அங்கே 1929-இல் தொடங்கிய போ (BOH) தேயிலைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். கொழுந்துச் சரிவைப் பார்த்ததும் அம்மா பேசாமல் நின்றுவிட்டார். பிரிஞ்சாங்கில் முருகன் கோயிலும் இருக்கிறது. வயதானவர்களுக்கு இது பெரிய விஷயம். அவர்களுக்காகப் போவதென்றால் விடுமுறை இல்லாத வார நாளில் போய் இரண்டு நாள் தங்குங்கள்.

தைப்பிங்கின் மெக்ஸ்வெல் மலை 1884-இல் தொடங்கியது, மூன்றிலும் மூத்தது. ஆனால் நம் வண்டியை மேலே விடமாட்டார்கள். அரசாங்க வண்டி ஓடினால் அதில் ஏற வேண்டும், இல்லையென்றால் நடக்க வேண்டும். மண்சரிவால் அந்த வண்டி நின்றுபோன காலங்களும் உண்டு. முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒத்துவராது.

பிரேசருக்குக் கிளம்பினால் கோல குபு பாருவிலேயே எண்ணெய் போட்டுக்கொள்ளுங்கள், மலையில் பெட்ரோல் நிலையம் இல்லை. கடைகளும் குறைவு. சோறு கட்டிக்கொள்ளுங்கள், தேநீருக்கு ஒரு பிளாஸ்க், அப்புறம் குடை. மதியத்துக்கு மேல் பெரும்பாலும் மழை பிடித்துக்கொள்ளும், அதனால் காலை ஏழு மணிக்கே வீட்டைப் பூட்டிவிடுங்கள்.