பல்பு எரிந்தது, நம்பினேன்: 40 ஆம்பியர் எஸ்எஸ்ஆர் என்று வாங்கி ₹39,400 இழந்த கதை

சாலிட் ஸ்டேட் ரிலே, அதாவது சிறு மின் கட்டளையால் பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் எலக்ட்ரானிக் சுவிட்சான எஸ்எஸ்ஆர் வாங்க நினைக்கும் சிறு பட்டறைக்காரர்கள் அனைவரும் இதை ஒருமுறை படித்துவிட்டுக் கடைக்குப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிச் சோதிப்பது, எப்படிப் பொருத்துவது என்று முழுமையாக எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் மேசையின்மேல் பிளந்து கிடக்கும் ரிலேயைப் பார்க்கும்போதெல்லாம் கை நடுங்குவதால், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் இழந்தது ₹39,400. பெரிய ஆலைக்கு இது ஒரு நாள் டீச்செலவாக இருக்கலாம். கோவையில் கூலிக்குப் பவுடர் கோட்டிங், அதாவது உலோகத்தின்மேல் பொடிப் பெயின்ட்டைத் தூவி ஓவனில் சுட்டு ஒட்டவைக்கும் வேலை, செய்து பிழைக்கும் எனக்கு அது ஒரு மாத வாடகையும் இரண்டு பையன்களின் சம்பளமும்.

எங்கள் ஓவனில் 4 கிலோவாட் ஹீட்டர்கள் மூன்று இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில், 230 வோல்ட்டில் சுமார் 17.4 ஆம்பியர் இழுக்கும். இத்தனை நாளும் கான்டாக்டரில், அதாவது காந்தத்தால் இழுத்து இணைக்கும் சுவிட்சில்தான், ஓட்டினோம். வெப்பநிலைக் கண்ட்ரோலர் அடிக்கடி அதை இழுத்து விடுவதால் நாள் முழுக்க டக் டக் என்ற சத்தம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாயிண்ட் தேய்ந்து மாற்றும் வேலை, அதற்குமேல் 200 டிகிரியில் நிற்கவேண்டிய ஓவன் பத்து டிகிரி ஏறியும் இறங்கியும் ஆடுவது என்று சலித்துப்போய், எஸ்எஸ்ஆருக்கு மாறுவது என்று முடிவெடுத்தேன். முடிவில் தவறில்லை. இரண்டு நொடிக்கு ஒருமுறை இணைத்துத் துண்டித்தாலும் தேய்வதற்கு அதில் நகரும் பாகம் எதுவும் கிடையாது; ஓவன் சூடு ஒரே கோட்டில் நிற்கும். எங்களிடம் இருக்கும் சிறிய ஓவனில் பழைய எஸ்எஸ்ஆர் இரண்டு ஒன்பது ஆண்டுகளாக ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஹீட்டர் இழுக்கும் ஆம்பியருக்கு இரண்டு மடங்காவது ரிலேயின் மதிப்பு இருக்கவேண்டும் என்பது எனக்குத் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கின்படியே 40 ஆம்பியர் கேட்டேன். காந்திபுரம் பக்கம் எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ் சாமான்களைச் சில்லறையாகவும் மொத்தமாகவும் விற்கும் கடைகளில் ஒன்று அது, பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே ஒரு தைவான் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட ரிலேக்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருந்தார்கள். விலை ஒன்றுக்கு ₹680. நல்ல நிறுவனச் சரக்கு இதைவிடப் பல மடங்கு விலை என்பது தெரிந்தவன்தான் நான், அதனால் தயங்கினேன். அந்தத் தயக்கத்தைக் கடை ஓனர் சரியாகப் படித்தார்.

“அண்ணா, சந்தேகம்னா டெஸ்ட் பண்ணியே தர்றனுங்க” என்று சொல்லி, கவுன்ட்டருக்கு அடியிலிருந்து ஒரு பலகையை எடுத்தார். அதில் ஒரு 60 வாட் குண்டு பல்பும் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் இருந்தன. ரிலேயின் ஒரு பக்கத்தைப் பல்போடு இணைத்து, மறுபக்கத்தில் பேட்டரியைத் தொட்டார், பல்பு எரிந்தது. எடுத்தார், அணைந்தது. நான்கு ரிலேக்களையும் ஒவ்வொன்றாக இப்படிச் செய்து காட்டி, ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து அட்டைப்பெட்டியில் வைத்து, “ஒரு வருஷம் வாரண்டிங்க, ஏதாச்சும்னா நேரா எங்கிட்டயே கொண்டாங்க” என்றார். இடையில் டீயும் வந்தது. என் கண் முன்னால் சோதித்துக் கொடுக்கும் மனிதரை எப்படிச் சந்தேகப்படுவது? பில் கேட்டபோது, ஜிஎஸ்டி போட்டால் 18 சதவீதம் கூடும் என்று சொல்லி ஒரு எஸ்டிமேட் சீட்டு எழுதித் தந்தார். நானும் நானூற்றுச் சொச்சம் மிச்சம் என்று அதை மடித்துப் பையில் வைத்தேன். மூன்று ரிலே ஓவனுக்கு, ஒன்று கைவசம் இருக்கட்டும் என்று, மொத்தம் ₹2,720.

இப்போது யோசித்தால் அந்தச் சோதனையைப்போல ஒரு கேலிக்கூத்து இல்லை. 60 வாட் பல்பு இழுப்பது கால் ஆம்பியர்தான். கால் ஆம்பியரைத் தாங்குகிறது என்று காட்டிவிட்டு 40 ஆம்பியர் பொருளை விற்பது, ஒரு செங்கல்லைத் தூக்கிக் காட்டிவிட்டு லாரி பாரத்தைச் சுமப்பேன் என்று சொல்வதற்குச் சமம். கட்டுப்படுத்தும் பக்கம் வேலை செய்கிறதா, மறுபக்கம் முழுக்கச் செத்துக் கிடக்கிறதா என்பதைத் தவிர அந்தப் பல்பு எதையும் சொல்லாது. இருபது ஆண்டு பட்டறை அனுபவம் உள்ள எனக்கு அது அங்கே உறைக்கவில்லை.

பொருத்தியதிலும் நான் குறை வைக்கவில்லை. எஸ்எஸ்ஆர் இணைந்திருக்கும்போது அதன் குறுக்கே ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல் விழும். 17 ஆம்பியரில் ஒவ்வொரு ரிலேயும் 20 வாட்டுக்குமேல் சூட்டைக் கக்கும் என்று கணக்குப் போட்டு, சூட்டை வாங்கி வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்க், தெர்மல் பேஸ்ட், அடியில் ஒரு விசிறி எல்லாம் வைத்தேன். சிறிய ஓவனில் இருக்கும் அதே அளவு ஹீட் சிங்க்தான். முதல் மூன்று வாரம் ஓவன் சூடு அசையவில்லை, மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

போன வியாழன் மாலை, ஜவுளி இயந்திர உதிரிகள் செய்யும் ஒரு வாடிக்கையாளரின் 220 தகட்டு மூடிகள், வெள்ளை நிறம், கடைசி லோடாக ஓவனில் இருந்தன. எட்டு மணிக்கு வேலை முடிந்தது. வெளியே நல்ல மழை. சூடாக வெளியே எடுத்தால் சாரல் பட்டுக் கறை விழும் என்று கண்ட்ரோலரையும் சுழற்சி விசிறியையும் அணைத்துவிட்டு, கதவைச் சாத்தியபடியே விட்டுப் போனோம். முன்பும் பலமுறை அப்படிச் செய்ததுண்டு. ஹீட்டர் லைனின் எம்சிபியை, அதாவது அளவுக்கு மீறி ஆம்பியர் போனால் தானே விழும் சுவிட்சை, நாங்கள் அணைப்பதில்லை. கண்ட்ரோலர் அணைந்தால் ரிலே துண்டித்துவிடும் என்ற நினைப்பு.

காலை ஏழரைக்கு ஷட்டரைத் தூக்கியபோதே கருகிய வாடை முகத்தில் அடித்தது. கண்ட்ரோலரைப் போட்டால் 318 டிகிரி காட்டியது. மூன்று ரிலேக்களிலும் சிவப்பு விளக்கு எரியவில்லை, அதாவது எதற்கும் இணையச் சொல்லிக் கட்டளை போகவில்லை. கிளாம்ப் மீட்டரை எடுத்து ஒவ்வொரு வயராகக் கவ்விப் பார்த்தேன்: முதலாவது பூஜ்யம், இரண்டாவது பூஜ்யம், மூன்றாவதில் 18.6 ஆம்பியர். எங்கள் பகுதியில் ஆலைகள் ஓய்ந்தபின் மின்னழுத்தம் 245 வரை ஏறும். அந்த ஹீட்டர் இரவு முழுக்க நாலரைக் கிலோவாட்டில் தனியாக எரிந்திருக்கிறது. ஏறக்குறைய 50 யூனிட் மின்சாரம். எம்சிபி ஏன் விழவில்லை என்று பையன் கேட்டான். ஹீட்டர் தனக்கு உரிய ஆம்பியரைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது, 25 ஆம்பியர் எம்சிபி எதற்காக விழவேண்டும்? எஸ்எஸ்ஆர் சாகும்போது பெரும்பாலும் துண்டித்துக்கொண்டு சாகாது, ஒட்டிக்கொண்டுதான் சாகும். மாலையில் ஓவன் சூடு கேட்டுக்கொண்டிருந்தபோதே அது ஷார்ட் ஆகியிருக்கவேண்டும். அப்போது ஹீட்டர் எரியவேண்டிய நேரம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளை மூடிகள் டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தன. கதவின் ரப்பர் கேஸ்கட் தொட்டால் உதிர்ந்தது. கணக்கையும் எழுதிவிடுகிறேன்: 220 மூடிகளுக்கும் கெமிக்கலில் பூச்சை உரித்து மறுபடி பூச ₹18,900, தாமதத்துக்காக வாடிக்கையாளர் பிடித்துக்கொண்டது ₹8,000, கேஸ்கட், கருகிய வயரிங், கூலி ₹9,780, ரிலேக்களுக்குக் கொடுத்த ₹2,720. ஆக ₹39,400. தீப்பிடிக்கவில்லை என்று வீட்டில் ஆறுதல் சொல்கிறார்கள், உண்மைதான்.

செத்த ரிலேயை வைஸில் கவ்வி, அடித்தகட்டை உளியால் நெம்பினேன். 40 ஆம்பியர் ரிலேக்குள் இருக்கவேண்டியது, பீங்கான் தகட்டின்மேல் பதித்து அடித்தகட்டோடு ஒட்டிய, எதிரெதிராக இணைத்த இரண்டு எஸ்சிஆர் அல்லது அதற்கு ஈடான பெரிய ட்ரையாக்; மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் பாகங்கள் இவை. இதற்குள் இருந்ததோ, ஃபேன் ரெகுலேட்டரில் பார்ப்பதைப்போன்ற மூன்று கால் ட்ரையாக் ஒன்று. சுண்டுவிரல் நக அளவு. கறுப்புப் பிசினைச் சுரண்டியதும் அதன் முகத்தில் 16, 600 என்ற எண்கள் தெரிந்தன: 16 ஆம்பியர், 600 வோல்ட். மேலே 40 என்று அச்சிட்ட பெட்டிக்குள் 16. அதுவும் நன்றாகக் குளிர்வித்தால்தான் 16. என் ஹீட்டரின் 17.4 ஆம்பியரை அது மூன்று வாரம் தாங்கியதே பெரிது. சந்தேகத்தில் சிறிய ஓவனின் பழைய ரிலே ஒன்றைக் கழற்றி மற்றொரு கையில் வைத்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டே எடை வித்தியாசம் சொல்லலாம். பழையதன் அடித்தகடு கனமான உலோகம், புதியதில் இருந்தது மெல்லிய அலுமினியம். லேபிளில், பொருள்களின் பாதுகாப்பைச் சோதித்துச் சான்று தரும் அமெரிக்க அமைப்பான யூஎல்லின் முத்திரைகூட இருந்தது. போலி யூஎல் முத்திரையோடு இப்படிப்பட்ட ரிலேக்கள் சந்தையில் வருகின்றன என்று யூஎல் அமைப்பே முன்பு எச்சரித்திருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்தேன்.

அன்று பதினொரு மணிக்கே கடைக்குப் போன் செய்தேன். “ஓனர் வெளியூருங்க, திங்கக்கிழமை வருவாருங்க” என்றது ஒரு குரல். பின்னால் அந்த ஓனரின் குரலே வேறு யாருக்கோ விலை சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னார்கள். ஏழு படங்கள் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. சனிக்கிழமை நேரில் போனேன். ஓனர் இருந்தார். முதலில் என் ஹீட் சிங்க் போதவில்லை என்றார். அதே ஹீட் சிங்க்கில் ஒன்பது ஆண்டு ஓடும் ரிலேயைப் பற்றிச் சொன்னேன். உடனே வோல்டேஜ் ஏறியிருக்கும், அது மின்வாரியத்தின் பிரச்சினை என்றார். உள்ளிருந்த ட்ரையாக்கைக் காட்டினேன். “திறந்துட்டீங்கன்னா வாரண்டி போச்சுங்களேண்ணா” என்று வருத்தப்பட்டார், என் வீட்டுத் துக்கத்துக்கு வந்தவரைப்போல. எஸ்டிமேட் சீட்டை நீட்டியபோது, “இதுல கடைப் பேரே இல்லீங்களே” என்று திருப்பித் தந்தார். உண்மையிலேயே இல்லை, அப்போதுதான் கவனித்தேன். நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்றால் எதைக் காட்டிப் போவது? கடைசியில், மனசு கேட்கவில்லை என்று சொல்லி, அதே கண்ணாடிப் பெட்டியிலிருந்து அதே ரிலேயில் ஒன்றை எடுத்து, மறுபடியும் அந்தப் பல்புப் பலகையை வெளியே எடுத்தார். நான் வந்துவிட்டேன். ₹39,400க்கு ஈடாக ஒரு ₹680 போலி.

விரிவாக எழுதுவதாகச் சொன்ன ஆலோசனைகளை இப்போது எழுதப் பொறுமை இல்லை. உரித்த மூடிகள் வந்து இறங்கிவிட்டன, இன்றிரவே பூசியாக வேண்டும். அவசரத்துக்கு இவ்வளவு சொல்கிறேன். கடைக்காரரின் பல்புச் சோதனையை நம்பாதீர்கள். உங்கள் ஹீட்டரையே போட்டு அரைமணி நேரம் ஓட்டி, கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரையும் அடித்தகட்டின் சூட்டையும் பாருங்கள். ஹீட்டரைக் கழற்றிவிட்டு ரிலேயின் மறுபக்கத்தில் மீட்டர் வைத்து, அணைந்த நிலையிலும் வோல்ட் காட்டுகிறதே என்று பயப்படவேண்டாம், அது கசிவு மின்னோட்டம். ஆனால் அதே காரணத்தால் எஸ்எஸ்ஆர் அணைந்திருக்கிறது என்று நம்பி ஹீட்டர் முனையைக் கையால் தொடவும் வேண்டாம். ரிலேயின் சிவப்பு விளக்கு உள்ளே வரும் கட்டளையைத்தான் காட்டும், வெளியே போகும் மின்சாரத்தை அல்ல. இரண்டு ஃபேஸுக்கு நடுவே, 415 வோல்ட்டில் போடுவதாக இருந்தால் உச்சம் 587 வோல்ட் வரும். 600 வோல்ட் சரக்கை அங்கே நினைத்தும் பார்க்காதீர்கள், 1200 வோல்ட் கேளுங்கள். எஸ்எஸ்ஆருக்கு முன்னால் ஒரு கான்டாக்டரும், அதை விழவைக்கத் தனி சென்சாரோடு ஒரு ஓவர்ஹீட் கட்அவுட்டும் இல்லாமல் ஓவனை ஓட்டாதீர்கள். நான் கழற்றி மூலையில் போட்ட பழைய கான்டாக்டர் இப்போது அந்த இடத்தில் ஏறிவிட்டது. கடைப் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் உள்ள பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

மற்ற இரண்டு ரிலேக்களையும் கழற்றியாயிற்று. நான்காவது, இன்னும் துணியால் துடைத்த பளபளப்போடு, அதன் பெட்டியிலேயே இருக்கிறது. புதியதை ₹2,150 வீதம் மூன்று, அந்தத் தைவான் நிறுவனத்தின் நேரடி டீலரிடம், பில்லோடு வாங்கியிருக்கிறேன். அந்தப் பணத்தை ₹39,400 கணக்கில் நான் இன்னும் சேர்க்கவில்லை.