14416: பரீட்சை பயத்துக்கு ஒரு போன்

பத்தாவது படிக்கும் என் மகளுக்குக் கணக்குப் பரீட்சை என்றாலே காலையில் வயிற்றைப் பிசையும், கை சில்லிட்டுப் போகும், சாப்பிட்ட இட்லி அப்படியே வெளியே வந்துவிடும். டாக்டர் வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார், பள்ளியிலோ "நடிக்கிறாள்" என்றார்கள். அந்த வார்த்தை இன்னும் வலிக்கிறது.

அப்புறம்தான் டெலி-மானஸுக்குப் போன் செய்தேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண், 14416. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். பேசிய பெண் அவசரப்படவே இல்லை. பயம் வந்தால் ஏதோ ஆபத்து என்று உடம்பு தயாராகிறது, அதனால்தான் வயிறு புரட்டுகிறது, இது நடிப்பில்லை என்று அவளிடமே சொன்னார். கேட்டதும் பிள்ளை அழுதுவிட்டாள். எனக்குச் சொன்னது வேறு: லீவு போட்டால் அன்றைக்கு நிம்மதி, அடுத்த பரீட்சைக்குப் பயம் இன்னும் பெரிதாகும்.

நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடும் பயிற்சியைப் போனிலேயே செய்ய வைத்தார். இப்போது ஜியாமெட்ரி பாக்ஸ் மூடியின் உள்பக்கம் பென்சிலில் 4, 6 என்று எழுதி வைத்திருக்கிறாள். பயம் முழுசாகப் போகவில்லை, ஆனால் வாந்தி நின்றுவிட்டது. உங்கள் பிள்ளையும் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், திட்டாமல் இந்த எண்ணுக்குப் பேசுங்கள்.