லூப் ஹேபிட் டிராக்கர் ஆப்: எட்டு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

இந்த ஆப்புக்கு வர்றதுக்கு முன்னாடி பழைய ஆப் கதையைச் சொல்லியாகணும். போன வருஷம் மாஸ்டர் செக்கப்ல சுகர் பார்டர்ல இருக்கு, தினமும் ராத்திரி சாப்பிட்டதும் அரைமணி நேரம் நடங்கன்னு டாக்டர் சொன்னாங்க. காசு கட்டி ஒரு ஆப் போட்டேன், பேரு வேணாம், தொடர்ந்து எத்தனை நாள் செஞ்சோம்னு ஒரு நம்பரைப் பெருசா காட்டும். 43 நாள் விடாம நடந்தேன். 44வது நாள் வைரல் காய்ச்சல், எந்திரிக்கவே முடியல. காய்ச்சல் விட்டு ஆப்பைத் திறந்தா சைபர். அந்த 43 நாளுக்கு அங்க ஒரு அடையாளமும் இல்ல. மனசே விட்டுப்போச்சு, அப்புறம் மூணு மாசம் நடக்கவே போகல.

லூப்பை ஆபீஸ்ல கூட வேலை பாக்குற தம்பிதான் சொன்னான். நாம செய்ற பழக்கத்தை தினமும் டிக் போட்டு குறிச்சு வைக்கிற ஆப். ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான் இருக்கு. இலவசம், விளம்பரம் கிடையாது, அக்கவுண்ட் கேக்காது, நெட் இல்லாமலே ஓடும், ஓபன் சோர்ஸ், அதாவது ஆப்போட கோடை யார் வேணா பாத்துக்கலாம். நாம போடுறது எல்லாம் நம்ம போன்லயே இருக்கும்.

எனக்கு இதுல உயிர்னா அது ஸ்கோர்தான். ஒவ்வொரு பழக்கத்துக்கும் நூத்துக்கு இவ்ளோன்னு ஒரு மார்க். தினமும் செய்ற பழக்கம்னா விடாம ஒரு மாசம் செஞ்சா 80, ரெண்டு மாசத்துல 96, மூணு மாசத்துல 99 வரும். முதல்ல மடமடன்னு ஏறும், மேல போகப்போக மெதுவாயிடும். ஒரு நாள் விட்டா இருக்குற மார்க்ல நூத்துக்கு அஞ்சு பங்கு மாதிரி குறையும், அவ்ளோதான், சைபருக்கு போகாது. ரெண்டு மாசம் ஓடி 96ல இருந்தப்போ சொந்தக்காரங்க கல்யாணம்னு ஊருக்குப் போயி நாலு நாள் நடக்கல, திரும்பி வந்து பாத்தா 78. எனக்கு அன்னைக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல, ஏன்னா 78ங்கிறது நான் பட்ட பாடு இன்னும் அங்கதான் இருக்குன்னு சொல்ற நம்பர். பத்து நாள் நடந்ததுல 87 ஆயிடுச்சு. உடம்பு சரியில்லாத நாளுக்கு ஸ்கிப்னு ஒண்ணு இருக்கு, செட்டிங்ஸ்ல ஆன் பண்ணிக்கணும், அதைப் போட்டா மார்க் குறையாது. கல்யாணத்துக்கு நான் அதைப் போடல, அது காய்ச்சல் இல்லையே.

21 நாள் செஞ்சா பழக்கமாயிடும்னு எல்லாரும் சொல்றாங்கல்ல, அது 1960ல மேக்ஸ்வெல் மால்ட்ஸ்ங்கிற பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் ஆனவங்க புது முகத்துக்குப் பழக குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு எழுதுனதுல இருந்து கிளம்புனது. நிஜமாவே அளந்து பாத்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலி குழு, 2009ல வந்துச்சு, 96 பேர் கலந்துக்கிட்டாங்க. நடுவாந்திரமா 66 நாள், ஆளுக்கு ஆள் 18ல இருந்து 254 நாள் வரைக்கும். அதுலயே ஒரு நாள் விட்டுப்போனா பெரிய பாதிப்பு இல்லன்னும் வந்திருக்கு. இது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த மூணு மாசம் வீணாப் போயிருக்காது, அதான் இங்க இவ்ளோ நீட்டி எழுதுறேன்.

ஆனா ஆப்பே பழக்கத்தை உண்டாக்கிடும்னு நினைக்காதீங்க. முதல்ல எட்டரை மணிக்கு ரிமைண்டர் வச்சேன், சரிப்படல, ஒரு நாள் எட்டு மணிக்கு சாப்பிடுவோம், ஒரு நாள் பத்து ஆகும். அப்புறம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவுத்துனதும் நேரா செருப்புன்னு மாத்துனேன், அதுக்கப்புறம்தான் பழக்கம் நிலைச்சுச்சு. எங்கம்மா நாப்பது வருஷமா கோலம் போடுறாங்க, எந்த அலாரமும் கிடையாது, வாசல் தெளிச்ச உடனே கை தானா கோலமாவு டப்பாவுக்குப் போகுது. அந்த மாதிரி ஏற்கனவே செய்ற ஒரு வேலையோட முடிச்சு போடணும். லாலி ஆராய்ச்சிலயும் காலை சாப்பாட்டுக்கு அப்புறம்ங்கிற மாதிரி ஒண்ணைப் புடிச்சுக்கிட்டுதான் செய்யச் சொல்லியிருக்காங்க.

அப்புறம், எடுத்தவுடனே ஏழு பழக்கம் சேக்காதீங்க. நான் சேத்தேன், மூணுதான் நிலைச்சுச்சு.

டிக் போட அழுத்திப் புடிக்கணும், சும்மா தொட்டாலே விழுற மாதிரி செட்டிங்ஸ்ல மாத்திக்கலாம். வாரத்துக்கு மூணு நாள்னும் வைக்கலாம், எத்தனை கிளாஸ் தண்ணின்னு நம்பராவும் போடலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, ரெண்டு போன்ல தானா சிங்க் ஆகாது, பேக்கப் நாமதான் எடுத்து வைக்கணும். நான் மாசம் பொறந்தா எடுத்து டிரைவ்ல போட்டுடுவேன்.

அஞ்சுக்கு நாலரை ஸ்டார் குடுப்பேன். இந்த மாதிரி ஒரு நாள் விட்டா மார்க்கைத் துடைச்சுப் போடாத ஆப் ஐபோன்ல யாராச்சும் யூஸ் பண்றீங்கன்னா சொல்லுங்க, என் தங்கச்சியும் நடக்க ஆரம்பிச்சிருக்கா, அவளுக்கு வேணும்.