ஃப்யூஸா, பிரேக்கரா, எலக்ட்ரானிக் பெட்டியா: சொந்தமாகக் கட்டும் விமானத்தில் வயருக்கு எது காவல்?

ஓசூரை அடுத்த மத்திகிரி பக்கம் ஒரு ஷெட்டில் நண்பர் ஒருவர் இரண்டு இருக்கை விமானம் கட்டிக்கொண்டிருக்கிறார். 1990-களில் இத்தாலியின் பார்ட்டனாவியா பி-68 விமானங்களைத் தனேஜா நிறுவனம் ஒன்றுசேர்த்த பெலகொண்டபள்ளி ஓடுதளம் அங்கிருந்து பக்கம்தான். ரிவெட் வேலை முடிந்துவிட்டது, ரோட்டாக்ஸ் 912 யு.எல்.எஸ். எஞ்சினும் ஏறிவிட்டது. இப்போது வயரிங். அதிலே ஷெட்டுக்கு வந்துபோகிறவர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

சிப்காட் பக்கம் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் கார்களில் வரும் பிளேடு ஃப்யூஸ் போதும் என்கிறார். விமானப்படையில் எலக்ட்ரிக்கல் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஐயாவுக்கு, விமானிக்கு எதிரே உள்ள கருவிப் பேனலில் வரிசையாகப் பிரேக்கர்தான் வேண்டும். கரண்ட் மிஞ்சினால் அது தானே துண்டித்துக்கொள்ளும், பொத்தானை அழுத்தினால் மறுபடி சேரும். பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், எல்லாச் சுற்றையும் ஒரே பெட்டி பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரானிக் முறைக்கு வாதாடுகிறார். நான் ஃப்யூஸ் கட்சி. ஆனால் முழுக்க அல்ல.

மூன்றுக்கும் பொதுவான ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இவை காப்பது வயரை, ரேடியோவையோ விளக்கையோ அல்ல. ரேடியோ உள்ளே கெட்டால் அது ஏற்கெனவே கெட்டுவிட்டது. அதற்குப் போகும் வயர் பழுத்துப் பக்கத்து வயர்களையும் எரிக்காமல் தடுப்பதுதான் வேலை. அதனால் அளவு வயரைப் பார்த்துத்தான் வர வேண்டும். அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் 43.13-1பி சுற்றறிக்கை 22 ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்க வயர்த் தடிமன் அளவு, எண் கூடினால் வயர் மெலிது) வயருக்கு 5 ஆம்ப், 18-க்கு 10 ஆம்ப் என்கிறது. 22 என்பது நம் கணக்கில் 0.33 சதுர மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 'ஃப்யூஸ் அடிக்கடி போகுது' என்று அதே வயரில் 15 ஆம்ப் மாட்டுகிறவர், ஃப்யூஸின் வேலையை வயரிடம் ஒப்படைக்கிறார்.

வேகத்தில் ஃப்யூஸ் முந்துகிறது. வழக்கமான பிளேடு ஃப்யூஸ் தன் அளவைப்போல் இரண்டு மடங்கு கரண்ட் ஓடினால் 5 விநாடிக்குள் உருகிவிடும். பேனல் பிரேக்கர் உள்ளே இருக்கும் உலோகத் தகடு சூடேறி வளைந்த பிறகுதான் ட்ரிப் ஆகும், அதாவது கரண்டைத் துண்டிக்கும். அதே சுமைக்கு அது பத்து, இருபது விநாடி எடுத்துக்கொள்வது சாதாரணம். அந்தத் தகட்டுக்கு வெளிச்சூடும் ஒரு கணக்கு. ஓசூர் குளுமையில் ஒழுங்காக நிற்கும் பிரேக்கர், சித்திரை வெயிலில் கண்ணாடிக் கூரையை மூடித் தர்மபுரிப் பக்கம் எங்காவது நிறுத்திவைத்தால் சீக்கிரமே ட்ரிப் ஆகலாம். ஃப்யூஸும் சூட்டில் கொஞ்சம் மாறும், அந்த அளவுக்கு இல்லை.

ஐயா இதையெல்லாம் மறுப்பதில்லை. அவருடைய கேள்வி வேறு. "தம்பி, மேலே போனப்புறம் ஃப்யூஸ் போச்சுன்னா என்ன பண்ணுவே? பிரேக்கர்னா விரல் வெச்சு அழுத்தினா போதும்."

அண்ணன் விடவில்லை. "ஐயா, மேலே போய் அதைத் திரும்பப் போட்டே ஆகணும்னு என்ன அவசரம்?"

விவாதமே இந்த இடத்தில்தான். சுற்றைக் காப்பது தன் வேலையைச் செய்து கரண்டை நிறுத்தியிருக்கிறது. எங்கோ வயர் உரசி விமானத்தின் உலோக உடம்பில் படுகிறது, அல்லது ஒரு கருவி உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது. காரணம் தெரியாமல் ரீசெட் செய்தால், அதாவது மறுபடி சேர்த்தால், அந்த இடத்துக்கு இன்னொரு முறை சூட்டைக் கொடுக்கிறோம். 2007 ஜூலை 10 அன்று ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டில் விழுந்த செஸ்னா 310-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். முந்தைய பயணத்தில் விமானிக்கு எரிந்த நாற்றம் வந்திருக்கிறது. வானிலை ரேடாரின் பிரேக்கரை இழுத்ததும் நாற்றம் நின்றது. அவர் அதை எழுதியும் வைத்தார். யாரும் சரிசெய்யவில்லை. மறுநாள் அதே விமானம் கிளம்பியது. பறக்கும்போதே புகை வந்து வீடுகள் மேல் விழுந்தது. உள்ளே இருந்த இரண்டு பேரும் கீழே மூன்று பேரும் இறந்தார்கள். அந்தப் பிரேக்கர் மறுபடி உள்ளே அழுத்தப்பட்டிருக்கலாம் என்பதுதான் விசாரணையில் வந்த முடிவு. கைக்கு எட்டும் இடத்தில் பொத்தான் இருந்தால் கை போகும். பின்பக்கம் பதுங்கியிருக்கும் ஃப்யூஸுக்கு அந்த ஆசையைக் காட்டத் தெரியாது.

ஐயா காட்டும் விதியும் சரியான விதிதான். சான்றிதழ் பெற்ற விமானங்களுக்கான அமெரிக்க விதிகளில், பத்திரமாகப் பறக்க ஒரு சுற்று கட்டாயம் தேவை என்றால் அதன் காவலைப் பறக்கும்போதே ரீசெட் செய்யவோ மாற்றவோ முடிய வேண்டும் என்று இருந்தது. அதனால் கேட்க வேண்டியது, எந்தச் சுற்று கட்டாயம் என்பதை. 912 யு.எல்.எஸ். எஞ்சினின் இரண்டு இக்னிஷனும் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாங்களே எஞ்சினிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. கார்புரேட்டருக்கும் கரண்ட் வேண்டாம். பேட்டரியே செத்தாலும் எஞ்சின் ஓடும். இந்த விமானத்தில் பகலில் பறக்கிறவருக்கு ஆகாயத்தில் ரீசெட் செய்தே தீர வேண்டிய சுற்று ஒன்றுகூட இல்லை. எரிபொருளை மின்சாரத்தால் செலுத்தும் 912 ஐ.எஸ். என்றால் நான் இப்படிப் பேசமாட்டேன். அங்கே எஞ்சினே வயரை நம்பி இருக்கிறது.

பிரேக்கர் தேவைப்படும் ஓர் இடம் உண்டு. லைக்கமிங் போன்ற எஞ்சினில், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வெளியே தனியாக இருக்கும் ஆல்டர்னேட்டரில் (மின்சாரம் தயாரிக்கும் கருவி), வோல்டேஜ் எல்லை மீறினால் அதன் காந்தத்துக்குக் கரண்ட் கொடுக்கும் ஃபீல்டு வயரை வேண்டுமென்றே ஷார்ட் செய்து 5 ஆம்ப் பிரேக்கரை விழவைக்கும் காவல் உண்டு. அது எப்போதாவது காரணமின்றி விழும். அப்போது ஒரே ஒருமுறை ரீசெட் செய்து பார்ப்பது நியாயம். ரோட்டாக்ஸில் நிரந்தரக் காந்தம் என்பதால் நிறுத்த ஃபீல்டு வயரே கிடையாது. ஜெனரேட்டர் வழியில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்துத்தான் துண்டிக்க வேண்டும்.

இணைப்புகளின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். இருபது பிரேக்கர் என்றால் பேனலில் இருபது துளை, பின்னால் நாற்பது திருகு, அதோடு அவற்றை இணைக்கும் உலோகப் பட்டையான பஸ் பார். பல ஃப்யூஸ்களைச் செருகும் பெட்டியான ஃப்யூஸ் பிளாக்குக்கு உள்ளே வரும் தடிவயர் ஒன்று, மற்றவை எல்லாம் அழுத்திச் செருகும் டெர்மினல். நல்ல விமானப் பிரேக்கர் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் காசில் பிளேடு ஃப்யூஸ் பெட்டி பெட்டியாக வாங்கலாம். ஒரு எச்சரிக்கை: மலிவுக் கடை ஃப்யூஸ்களில் அளவைத் தாண்டியும் உருகாத சரக்கு கலந்திருக்கிறது. நம்பகமான பெயரில் வாங்கி, அதிலும் ஒன்றிரண்டை மேசைமேல் வைத்துக் கூடுதல் கரண்ட் கொடுத்து உருகுகிறதா என்று பார்த்துவிட்டு மாட்ட வேண்டும்.

தம்பி சொல்லும் பெட்டிக்கு வருவோம். வெர்ட்டிகல் பவர் நிறுவனத்தின் வி.பி.-எக்ஸ் போன்றவை ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பதைத் திரையில் காட்டும். லைட் எரியவில்லை என்பதைக் கரண்ட் போகாததை வைத்தே சொல்லும். பெரிய பேனல், இரவிலும் மேகத்திலும் பறப்பது, இரண்டு ஆல்டர்னேட்டர் என்று கட்டுகிறவருக்கு நான் அதைச் சிபாரிசு செய்வேன். ஆனால் 912-இன் ஜெனரேட்டர் தருவது சுமார் 250 வாட், 18 ஆம்ப் அளவு. அதைப் பங்கிட ஒரு கணினி தேவையில்லை. பெட்டி கெட்டால் பல சுற்றும் சேர்ந்தே போகலாம். ஃப்யூஸ் என்றால் ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கமே கிடைக்கும்.

வயர் விஷயத்தில் மட்டும் அண்ணனோடு நான் இல்லை. கார் வயரின் பி.வி.சி. உறை எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு கலந்த புகை வரும். ரோட்டில் வண்டியை ஓரங்கட்டலாம், மேலே கதவைத் திறந்து இறங்க முடியாது. 22759/16 என்ற ரக எண் கொண்ட, டெஃப்சல் உறை போட்ட விமான வயர் 150 டிகிரி வரை தாங்கும். அதையே வாங்கி, நசுக்கி இறுக்கும் ராட்செட் கிரிம்பிங் கருவியால் டெர்மினல் போடுவதுதான் சரி.

மூன்று கட்சியும் சேர்ந்து மறப்பது உரசலை. 1998 செப்டம்பரில் 229 பேரோடு கடலில் விழுந்த ஸ்விஸ்ஏர் 111-ஐ விசாரித்தவர்கள், அப்போதிருந்த பிரேக்கர்களால் எல்லா வகை வயர் பொறிகளையும் உணர முடியாது என்று எழுதினார்கள். விட்டு விட்டுப் பொறி பறக்கும்போது சராசரிக் கரண்ட் குறைவாகவே இருக்கும். ஃப்யூஸுக்கும் அது தெரியாது. எஞ்சினுக்கும் அறைக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரான ஃபயர்வாலின் துளையில் வயரை உரசாமல் காக்கும் நல்ல குரோமெட் வளையம், நெருக்கமான கிளாம்ப், கூர்விளிம்பில் படாத பாதை இவைதான் அங்கே காவல். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடிவயருக்கு வழக்கமாக ஃப்யூஸே போடுவதில்லை. அதனால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே கான்டாக்டர் என்ற பெரிய ரிலே வைத்துத் துண்டிக்க வழி இருந்தாக வேண்டும்.

ஷெட்டில் இப்போதைக்கு முடிவாகியிருப்பது இது. இருக்கைக்கு எதிரே பேனலுக்குப் பின்னால் இரண்டு ஃப்யூஸ் பிளாக். ஒன்று சாதாரணச் சுமைக்கு. ரேடியோவும் டிரான்ஸ்பாண்டரும் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) எஞ்சின் மானியும் இன்னொன்றில். அதற்கு, கரண்டை ஒரே திசையில் விடும் டயோடு வழியாக ஒரு ஊட்டம், பேட்டரியிலிருந்து நேராகச் சுவிட்ச் போட்டு இன்னொரு ஊட்டம். டயோடில் 0.7 வோல்ட் போல இழப்பு வரும், பரவாயில்லை. ஐயாவும் இதற்குத் தலையாட்டிவிட்டார். பையில் ஒரு கைரேடியோ கட்டாயம் இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. நண்பர் அதற்கு ஒத்துக்கொண்டு, 22 வயரும் 18 வயரும் தனித்தனிச் சுருளாக ஆர்டர் செய்துவிட்டார்.